பதினாறு சாண் இறக்கை

மைதானத்தின் சொந்தக்காரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை, விமானங்கள் எல்லாம் தரையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார். கொட்டகை வாசலில் நின்று குடையை மடக்கினார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் நிலம் உங்களுக்கு. இல்லையென்றால் வேன் கம்பெனிக்காரர் ஒருவர் வண்டி நிறுத்த இடம் கேட்கிறார், அவருக்கு என்றார். நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

கொட்டகைக்குள் இருந்த பதினேழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்மை விமானம் என்று வெளியாட்கள் சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் இவர்களுக்கு முகம் சுண்டிவிடும். மரச்சட்டமும் தெர்மாகோலும் வைத்து மாதக்கணக்கில் இழைத்து, ஒட்டி, உலர்த்தி, ரிமோட்டால் பறக்கவிடுகிற சங்கம் அது. மூடிப்போன ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்த மைதானத்தை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. மற்ற இடங்களில் ஒன்று மின்கம்பி குறுக்கே போகும், இல்லையென்றால் யாருடைய மாடி ஜன்னலாவது குறுக்கே வரும்.

சந்தா ஆறு வருடமாக ஏறவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை முடிவெட்டும் காசு, அவ்வளவுதான். அதையும் தலைவர் ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை கேட்டு வாங்க வேண்டும். தலைவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றுகிறவருக்குச் சந்தாவை மட்டும் ஏற்றத் தெரியவில்லை என்று கேலி செய்வார்கள். அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. பெட்டியில் இருந்த பணம் அந்த மாத வாடகைக்கே மூக்கால் அழுதது.

மூலையில், கடைசி நாற்காலியில், செயலாளர் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சங்கத்தில் அவளுக்கு லென்ஸ் என்றே பெயர். பதினேழு பேரில் ஒரே பெண். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செயலாளர் ஆக்கினார்கள். பேச்சு நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அவள் பேசியதும் இல்லை. வெளிநாடு போன அண்ணன் விட்டுச்சென்ற விமானத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மூன்று வருடத்துக்கு முன்பு வந்தாள். கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"லென்ஸு, ஏதோ எழுதிக்கிட்டே இருக்கியே, அதப் படி" என்றார் தலைவர்.

அவள் எழுதியிருந்தது ஒரு பக்கம். தலையைத் தூக்காமல் படித்தாள். பெரிய இறக்கைக்குக் கொட்டகையில் அதிக இடம் வேண்டும், ஓட அதிக நீளத்துக்குப் புல் வெட்ட வேண்டும், ஆகாயத்திலும் மற்றவர்கள் அதற்கு ஒதுங்க வேண்டும். ஆகையால் சந்தாவை ஆளுக்கு இவ்வளவு என்று வைக்காமல் இறக்கையின் நீளத்துக்கு இவ்வளவு என்று வைக்கலாம். ஒருவருக்கு எத்தனை விமானம் இருந்தாலும் அதில் நீளமான இறக்கை எதுவோ அதுதான் கணக்கு. இப்படி வசூலித்தால் ஆறு மாத வாடகை தேறும். மீதி ஆறு மாதத்துக்கு முதல் தேதிக்கு முந்தைய ஞாயிறு ஒரு பறக்கும் விழா நடத்தி, ஊர் ஜனத்திடம் டிக்கெட் போடலாம்.

யாருக்கும் மறுப்பு இல்லை. மறுக்காதது மட்டுமல்ல, எல்லோருக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. வேறு எந்தச் சங்கமாவது இப்படிச் சந்தா வாங்குமா என்று பெருமை வேறு. மீட்டர் எதற்கு, சாண் கணக்கு வைப்போம், கேட்க நன்றாக இருக்கிறது என்றார் தலைவர். ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் முதலில் எழுந்தது, சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெயின்டரின் கைதான்.

உடனே அளவு நாடா வந்தது. அதன்பின் நடந்த ஒன்றரை மணி நேரக் கூத்தை அந்தச் சங்கம் மட்டும்தான் நடத்த முடியும். பேக்கரிக்காரரின் விமானத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. அதை ஒன்றாக அளப்பதா, இரண்டாக அளப்பதா என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. ஒருவர் இறக்கை நுனியை வளைத்துப் பிடித்துக்கொண்டு இப்போது அளந்து பாருங்கள் என்றார். பல் டாக்டரிடம் ஆறு விமானங்கள், ஆறும் அம்பு மாதிரி சின்னவை, விலையோ ஒவ்வொன்றும் ஒரு மோட்டார் சைக்கிள். எதை அளந்தாலும் நாலு சாணைத் தாண்டவில்லை. கடைசியாகப் பெயின்டரின் கிளைடர். அதற்கு நாடா போதாமல் இரண்டு தடவையாக வைத்து அளந்தார்கள். பதினாறு சாண்.

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெயின்டரும் சிரித்தார். லென்ஸ் நோட்டில் பதினாறு என்று அழகாக எழுதினாள். நாலுக்கு நாலு மடங்கு பதினாறு என்பது அவளுக்கு அப்போது வெறும் வாய்ப்பாடாகத்தான் தெரிந்தது.

பெயின்டருக்கு வயது ஐம்பதை ஒட்டி. வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவர். அவருடைய கிளைடருக்கு மோட்டார் கிடையாது. ஃப்ரிட்ஜ் கடைக்காரர்கள் பெட்டியோடு தூக்கிப்போடும் தெர்மாகோலைச் சேர்த்து, ஒட்டி, இழைத்து, உள்ளே மூங்கில் வைத்து எட்டு மாதம் உழைத்துச் செய்தது. ரப்பர் கயிற்றில் மாட்டி இழுத்து விட்டால் எழும்பும். பிறகு காற்று எப்படியோ அப்படி. மற்ற விமானங்கள் பறக்கும்போது அவரவர் விமானத்தை அவரவர் பார்ப்பார்கள். அந்த வெள்ளைக் கிளைடர் மேலே போனால் மட்டும் பதினேழு பேரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பார்கள்.

லென்ஸுக்கு அவரிடம் ஒரு கடன் பாக்கி இருந்தது. அவள் முதன்முதலில் பறக்கவிட்ட அன்றே அண்ணனின் விமானம் காற்றோடு போய் முள்காட்டுக்குள் விழுந்தது. எல்லோரும் ஒருமணி நேரம் தேடிவிட்டு, போனது போகட்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது கொட்டகை ஆணியில் ஒரு நீளமான கித்தான் பை தொங்கியது. வர்ணம் அடிக்கும் ரோலர் கம்புகளைப் போட்டு எடுத்துப்போகும் பை, அடிப்புறம் முழுக்க வர்ணச் சொட்டு. உள்ளே அவளுடைய விமானம். ஓட்டை விழுந்த இடத்தில் பட்டையும் ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவர் மைதானத்தின் அந்தக் கோடியில் ரப்பர் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கிளம்பினாள். பாதித் தூரத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தாள். அந்த அடுத்த வாரம் மூன்று வருடமாக வரவில்லை. நன்றி சொல்லாமல் பையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பை அவள் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. பெயின்டர் ரோலர் கம்புகளைச் சணல் கயிற்றால் கட்டித் தோளில் வைத்துப் போவதைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவள் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

அந்த வாரம் அவள் நோட்டீஸ் எழுதி அச்சடித்தாள். மேலே கிளைடரின் படம். கீழே, 'பதினாறு சாண் இறக்கை! மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை! எத்தனை நிமிடம் மேலே நிற்கும்? சரியாகச் சொல்பவருக்கு ஒரு வருடம் சந்தா இல்லாமல் சங்கத்தில் இடம்!' டிக்கெட்டில் நிமிடத்தை எழுதிப் போட வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை செய்கிறவர். இருநூறு நோட்டீஸையும் இரண்டே நாளில் தூண் தூணாக ஒட்டித் தீர்த்துவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு பெயின்டர் சந்தாப் பணத்தோடு வந்தார். ஒன்பது சாணுக்கு உரிய பணம், காசு பிசகாமல் இருந்தது. கூட்டிப் பார்த்த லென்ஸ் நோட்டைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இப்ப ஒன்பதுதாம்மா. அளந்து பாத்துக்க."

கிளைடர் புல்லில் கிடந்தது. இரண்டு பக்கமும் மூன்றரைச் சாண் மூன்றரைச் சாணாக இறக்கை இல்லை. வெட்டிய முனையைத் தேய்த்து, வழவழப்பாக்கி, வெள்ளை அடித்திருந்தார். பிறவியிலேயே அப்படித்தான் என்று சொன்னால் தெரியாதவர்கள் நம்புவார்கள். நீளம் குறைத்தால் வேகம் வரும் என்று அவர் பொதுவாகச் சொல்லிக்கொண்டார். இழுத்து விட்டார்கள். வேகமாகத்தான் போனது. போன வேகத்திலேயே இறங்கியது. நாலு நிமிடம். முன்பெல்லாம் மேலே போனால் அவர் ரிமோட்டைப் பிடித்தபடி பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அதைத் தரைக்குக் கொண்டுவருவதற்கே இரண்டு கையும் போதவில்லை.

லென்ஸுக்கு முதலில் தோன்றியது, தான் நோட்டில் அழகாக எழுதிய பதினாறுதான். விழாவுக்கு ஊரெல்லாம் படம் ஒட்டிய கிளைடர் போய்விட்டதே என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

வீட்டில் சொன்னாள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அளவெடுக்கச் சொன்னா ஆளையே வெட்டிட்டு வந்திருக்கியேடி."

"எல்லாரும் கை தூக்கினாங்கம்மா. அவர்தான் முதல்ல தூக்கினாரு."

"தூக்காம? என்னால முடியாதுன்னு பதினாறு பேர் முன்னாடி சொல்லுவாரா? நீ வாயத் திறந்து ஒரு தேங்க்ஸ் சொல்ல மூணு வருஷம் ஆவுது. அவரு மட்டும் வாயத் திறக்கணுமாக்கும்."

அவள் அலமாரியைத் திறந்து கித்தான் பையை வெளியே எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கடையிலிருந்து நேராகப் பெயின்டரின் வீட்டுக்குப் போனாள். அவர் வேலைக்குப் போயிருப்பார் என்று தெரிந்துதான் போனாள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. எந்தச் சுவரும் ஒரே நிறம் இல்லை. யார் யார் வீட்டிலோ மிஞ்சிய வர்ணமெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. அவருடைய மனைவி தரையில் உட்கார்ந்து மருந்துக் கடைக்குக் காகித உறை ஒட்டிக்கொண்டிருந்தார். பெயின்டரை அண்ணா என்று கூப்பிடுவதால் இவர் அண்ணி. ஆனால் அதுவரை பார்த்ததே இல்லை.

யார் என்று சொல்வதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"நீதான லென்ஸு? உன் விமானத்தத் தேடித்தான் அந்த மனுஷன் மூணு நாள் வேலை முடிஞ்சு காட்டுக்குள்ள போனாரு. தினமும் கால்ல முள்ளோட வருவாரு. பிடுங்கிப் பிடுங்கி என் கண்ணு போச்சு. கண்ணாடி நீதான் போட்டுத் தரணும்."

ஒரு நாள் போனார், கிடைத்தது என்றுதான் லென்ஸ் இதுவரை நினைத்திருந்தாள். மூன்று நாள் என்பது அவளுக்குத் தெரியாது.

அலமாரியின் மேல் போர்வைகளுக்கு நடுவே இறக்கையின் இரண்டு வெட்டுத் துண்டுகளும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்ப்பதை அண்ணி பார்த்தார். வீட்டில் இடம் இல்லை என்று வெட்டினேன் என்றாராம். பல் பிடுங்கிய அன்றுகூட அவர் முகம் அப்படிப் போனதில்லை என்றார் அண்ணி. பிறகு உறையை ஒட்டிக்கொண்டே, குனிந்தபடி, இந்த மாதம் பெண்ணுக்கு விடுதிப் பணம் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார்.

"அண்ணி, இந்த ரெண்டு துண்டையும் நான் எடுத்துட்டுப் போகவா?"

"மகராசியா எடுத்துட்டுப் போ. போர்வை எடுக்கும்போதெல்லாம் என் தலையிலதான் விழுது. கேட்டா என்ன சொல்ல?"

"விழுந்து உடைஞ்சிருச்சுன்னு."

"பொய் வேற சொல்லச் சொல்றியா? பாக்கத்தான் ஊமை மாதிரி இருக்க" என்று அண்ணி சிரித்தார். அவரே எழுந்து நாற்காலி போட்டு இறக்கிக் கொடுத்தார்.

மூன்றாம் ஞாயிறு லென்ஸ் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்தாள். கித்தான் பையைத் துவைத்திருந்தாள். வர்ணச் சொட்டு போகவில்லை. இறக்கைத் துண்டுகள் இரண்டும் அதற்குள் அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தன. அதே ஆணியில் மாட்டினாள். மாட்டிவிட்டுக் கடைசி நாற்காலிக்குப் போகாமல், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பெயின்டர் வந்தார். ஆணியைப் பார்த்தார். பையைத் தொடாமல் வந்து சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் கூட்டத்தைத் தொடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பேப்பர் இல்லை. எழுதி வைத்தால் தலை குனிந்துவிடும் என்று வேண்டுமென்றே எழுதவில்லை.

"சாண் கணக்கு தப்பு சார். நான்தான் சொன்னேன், தப்பு என்னுதுதான். கிளைடர் புல்லைத் தொடறது ரெண்டே தடவை. சத்தம் இல்ல, புகை இல்ல. டாக்டரோட விமானம் நாலு சாண். ஆனா அது ஓடின இடத்துல புல்லே முளைக்கிறதில்ல. நான் அளக்கச் சுலபமா இருக்கிறத அளந்துட்டேன். எதை அளக்கணும்னு யோசிக்கல."

விடுதிப் பணத்தைப் பற்றியோ, வெட்டியதைப் பற்றியோ அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரோரமாகத் திரும்பியும் பார்க்கவில்லை.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். நாலு சாண்னதும் சந்தோஷமா வாய மூடிக்கிட்டேன்."

"ஊர் வாயெல்லாம் திறக்கச் சொல்றவரு, தன் வாய மூடிக்கிட்டாரு பாரு" என்றார் தலைவர். கொட்டகை சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இறுக்கம் விட்டது.

அடுத்து என்ன செய்வது என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மாவின் கவுன்ட்டர். அங்கே ஒருவருக்கு ஒரு கஷ்டம் என்றால் பணம் போட உறை சுற்றி வரும். எல்லா உறையும் ஒரே மாதிரி, பெயர் எழுதக் கூடாது. யார் என்ன வைத்தார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. லென்ஸ் தன் தோள்பையிலிருந்து ஒரு கட்டு மருந்துக் கடை உறையை எடுத்தாள். சனிக்கிழமை அண்ணியிடம் விலைக்கு வாங்கியவை. ஏற்கெனவே கொடுத்த பணத்தை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தாள். முடிந்ததை உறையில் போட்டுப் பழைய பேட்டரிப் பெட்டியில் போட வேண்டும். மொத்தத்தை மட்டும் படிப்போம். ஆறு மாத வாடகை வரவில்லை என்றால் மறுபடியும் உறை சுற்றும். எல்லோரும், வைக்க ஒன்றும் இல்லாதவர்களும், உறையைப் போட வேண்டும் என்றாள்.

முதல் சுற்றில் மூன்றரை மாதம் தேறியது. தலைவர் மிஞ்சிய உறையால் விசிறிக்கொண்டார். இரண்டாம் சுற்றில் ஐந்து மாதத்தைத் தொட்டது. மூன்றாம் சுற்றுக்கு முன்னால் பேக்கரிக்காரர் வெளியே போய்ப் பக்கத்தில் யாரிடமோ கைமாற்று வாங்கி வந்தார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அந்தச் சுற்றில் ஓர் உறை மட்டும் மூட முடியாத அளவுக்குப் பிதுங்கிக்கொண்டு விழுந்தது. எல்லோரும் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். டாக்டர் கூரையைப் பார்த்தார். மொத்தம் ஆறு மாத வாடகைக்கு மேல் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

கூட்டம் முடிந்து எழுந்தபோது டாக்டர் தன் பெட்டியிலிருந்து இரண்டு கார்பன் குழாய்களை எடுத்துப் பெயின்டர் முன்னால் வைத்தார். முடிக்காமலே கிடக்கும் விமானத்துக்கு வாங்கியதாம், தூசிதான் தின்கிறது என்றார். உள்ளே செருகி ஒட்டினால் வெட்டிய இறக்கை தாங்கும்.

"ஒட்டின இடம் தெரியுமே" என்றார் பெயின்டர்.

"தெரியட்டும்" என்று சொன்னது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லென்ஸ்தான்.

விழா அன்று வெயில் நன்றாக அடித்தது. அம்மா ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்தில் எப்படியோ அப்படியே உட்கார்ந்திருந்தார். வரிசையில வாங்க, சில்லறையா வெச்சுக்கோங்க, நிமிஷத்தத் தெளிவா எழுதுங்க. அவருடைய குரலுக்குப் பயந்தே இரண்டு டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. மைதானத்தின் சொந்தக்காரம்மா குடையோடு வேடிக்கை பார்க்க வந்தவர், அந்த மேசையைத் தாண்ட முடியவில்லை.

"நிலம் உங்களுதா இருக்கலாம், ஆகாயம் எல்லாருக்கும் பொதுதானம்மா. டிக்கெட் எடுங்க."

அந்தம்மாவுக்கு விமானத்தைப் பற்றி எள்ளளவும் தெரியாது. தன் வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்து வர நாற்பது நிமிடம் ஆனது. அதையே எழுதிப் போட்டார். மற்றவர்கள் பத்து, பதினைந்து, அதிகம் போனால் இருபது என்று எழுதியிருந்தார்கள்.

சின்ன விமானங்கள் குட்டிக்கரணம் அடித்து முடித்தபின் கிளைடர் வந்தது. பதினாறு சாண். இரண்டு பக்கமும் ஒட்டிய கோடு பளிச்சென்று தெரிந்தது. ஊர்ச் சுவரில் எந்த ஒட்டும் தெரியாமல் பூசத் தெரிந்த மனிதர், அதன்மேல் ஒரு பூச்சுக்கூடப் பூசவில்லை. நாலு பேர் ரப்பர் கயிற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். கயிறு விடுபடும் அந்த ஒரு நொடியில்தான் இறக்கை அதிகமாக வளையும், மடங்கினால் அங்கேதான் மடங்கும் என்று லென்ஸுக்குத் தெரியும். நிறுத்துக் கடிகாரத்தின் பொத்தானில் விரலை வைத்தாள்.

விட்டார்கள். இறக்கை வில்லாக வளைந்தது. பிறகு நிமிர்ந்து மேலே போனது.

பத்தாவது நிமிடம் நன்றாகவே நின்றது. குழாயின் எடையோ என்னவோ, பதினான்காவது நிமிடம் மெல்ல இறங்கத் தொடங்கியது. மர உயரம் வந்துவிட்டது. பதினைந்து எழுதியவர்கள் கைதட்டத் தயாரானார்கள். பெயின்டர் கிளைடரைத் தரைப்பக்கம் திருப்பவில்லை. ஐஸ் தொழிற்சாலையின் தகரக் கூரைப்பக்கம் திருப்பினார். வெயிலில் காய்ந்த தகரத்திலிருந்து சூட்டுக்காற்று எழும்பும். அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைப்பு, சேராவிட்டால் தொழிற்சாலைச் சுவர். கூரையின் விளிம்பில் கிளைடரின் இடது இறக்கை ஒருமுறை துள்ளியது. அவர் அந்தப் பக்கமே சாய்த்து வட்டம் போட்டார். ஒரு வட்டம், இரண்டு வட்டம். மூன்றாவது வட்டத்தில் கிளைடர் கூரையைவிட்டு மேலே போனது.

"முப்பது வருஷம் ஐஸ் போட்ட இடம், இன்னைக்குத்தான் சூட்டைக் காட்டுது" என்று தலைவர் முணுமுணுத்தார். டிக்கெட் வாங்கியவர்கள், வாங்காதவர்கள், அம்மா, குடைக்காரம்மா எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

நாற்பது நிமிடம் முடிந்து சில நொடியில் அது பெயின்டரின் காலடியில் வந்து உட்கார்ந்தது.

பரிசு மைதானத்தின் சொந்தக்காரம்மாவுக்கு. விமானமே இல்லாத எனக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டார். இறக்கை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம், புது விதி என்றார் தலைவர்.

டிக்கெட் பணம் நாலு மாத வாடகைக்குத்தான் வந்தது. ஆறும் நாலும் பத்து. எங்கே தட்டினாலும் இரண்டு மாதம் குறைந்தது. முதல் தேதி காலை தலைவரும் லென்ஸும் பத்து மாதப் பணத்தோடு அந்தம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். வழி நெடுகத் தவணை கேட்க வார்த்தை தேடிக்கொண்டே வந்த தலைவருக்கு அங்கே ஒன்றும் வரவில்லை. லென்ஸ்தான் சொன்னாள்.

"ரெண்டு மாசம் குறையுதும்மா."

அந்தம்மா பணத்தை எண்ணி முடித்தார். "மழை ரெண்டு மாசம் என்ன பண்ணுவீங்க?"

"வீட்ல உக்காந்து ஒட்டிக்கிட்டு இருப்போம்."

"அப்ப எதுக்கு வாடகை? சேத்துல வேன்காரன்கூட வண்டிய நிறுத்த மாட்டான்." ரசீதில் ஒரு வருடம் என்று எழுதி நீட்டினார். "நானும் மெம்பர்தான? என் சங்கத்த நானே வெளிய அனுப்புவேனா?"

அடுத்த ஞாயிறு மைதானத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. குடை நிழலில் உட்கார்ந்து அந்தம்மா எது யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயின்டர் அந்தக் கோடியில் ரப்பர் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தோளில் கித்தான் பை. லென்ஸ் கொட்டகையிலிருந்து நடந்தாள். பாதித் தூரம் வந்ததும் வழக்கம்போல நாக்கு ஒட்டியது. நிற்காமல் நடந்தாள்.

அவர் நிமிரவில்லை. "இந்தப் பையத் தொலைச்சுட்டேன்னு உன் அண்ணிகிட்ட மூணு வருஷமா திட்டு வாங்குறேன்மா."

"தெரியும்ணா. நீங்க சணல்ல கட்டிட்டுப் போறதப் பாத்திருக்கேன்."

"பாத்துட்டு அந்தப் பக்கம் போவியே, அதை நானும் பாத்திருக்கேன்."

அவள் கயிற்றின் இன்னொரு முனையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்ணா."

"எதுக்கு? விமானத்துக்கா, நிலத்துக்கா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப ரெண்டு தடவை சொல்லணும்ல?"

இன்னொரு தடவையும் சொன்னாள். முதல் தடவையைவிட அது சுலபமாக இருந்தது.